ஒரு கிலோ முந்நூற்றைம்பது

மறுபடியும் நின்றுவிட்டது. சட்டைக்குள்ளே, நெஞ்சுக்கு நடுவில், இவ்வளவு நேரம் எறும்பு ஊர்வதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் முதுகு அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. பதினைந்து வரை எண்ணு, அதற்குள் மூச்சு வராவிட்டால் உள்ளங்காலில் சுண்டு என்று அமலா சிஸ்டர் சொல்லியிருந்தாள். காசிராமன் ஏழிலேயே சுண்டிவிட்டான். பதினைந்து வரைக்கும் எண்ணுகிற பொறுமை எவனுக்கு இருக்கும், அவளுக்கு வேண்டுமானால் இருக்கும், அவள் சம்பளத்துக்கு எண்ணுகிறவள். காலா அது, கோழிக்குஞ்சின் கால்கூட இதைவிடத் தடியாக இருக்கும். இன்னொரு சுண்டு. பொசுக்கென்று ஒரு உலுக்கு, ஒரு இழுப்பு, பிறகு எறும்பு மறுபடி ஊர ஆரம்பித்தது. இது மூன்றாவது தடவை. மூன்றா, இல்லை இரண்டா? முதலில் நின்றதாக நினைத்தது ஒருவேளை நிற்கவே இல்லையோ, இவன்தான் பயத்தில் சுண்டித் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பிவிட்டானோ. அசையக்கூடாது என்றும் சொல்லியிருந்தாள். சாய்ந்து உட்கார், பிள்ளையின் தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கணும், தாடை நெஞ்சில் குத்தி மடங்கக்கூடாது, கால் இரண்டும் தவளை மாதிரி விரிந்திருக்கணும், வெற்று உடம்பும் வெற்று உடம்பும் ஒட்டியிருக்கணும், அவ்வளவுதான், உன் சூடுதான் இதுக்கு மருந்து, ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் எழுந்திருக்காதே. பழைய சேலை ஒன்றைக் கிழித்து இவன் உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டி, மேலே சட்டைப் பொத்தானையும் போட்டுவிட்டு, அவள் இவன் பெண்டாட்டி மயிலாவிடம் ஓடிவிட்டாள். மயிலா கதவுக்கு அந்தப் பக்கம். விடியற்காலையில் வலிப்பு வந்து, கம்பளியில் தூளி கட்டி நாலு பேர் மூங்கிலில் இந்த மலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, ஏழரை மணிக்கு இது பிறந்தது. மாதம் எட்டுகூட முடியவில்லை. ஒரு கிலோ முந்நூற்றைம்பது கிராம். தராசு முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு, சிஸ்டர் இவனைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

கால் ஆடுகிறது. ஆடாதே என்று காலிடம் சொல்கிறான், அது கேட்பதில்லை, எப்போதுமே கேட்டதில்லை. உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் இவனை ஆடுகால் என்றுதான் கூப்பிடுவார், பெயர் தெரியாது அவருக்கு, அறுபது பிள்ளைகளில் ஆறு பேரின் பெயர்தான் தெரியும், அந்த ஆறும் மலைக்குக் கீழே கீழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள். உட்காரத் தெரியாதவனுக்குப் படிப்பு எதற்கு என்று ஒருநாள் கேட்டார், சரிதானே என்று இவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டான். அப்படிப்பட்டவனைத்தான் இன்றைக்கு இரண்டு மணி நேரமாக பெஞ்சில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். எதிர்ச் சுவரில் ஒரு படம். வெள்ளை வெளேரென்று கொழுத்த குழந்தை ஒன்று தொடையில் மூன்று மடிப்போடு சிரிக்கிறது, தாய்ப்பாலே சிறந்த உணவு. அதன் ஒரு தொடை இருக்கும் ஒரு கிலோ முந்நூற்றைம்பது. இந்த மலையில் அப்படி ஒரு குழந்தையை இவன் பார்த்ததே இல்லை, எந்த ஊர்க் குழந்தையோ, அதற்கு யார் என்ன ஊட்டினார்களோ. உள்ளே குழந்தையைச் சூடாக வைக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. மேலே கம்பி சிவந்து எரியணும். எரியாது, ஆறு மாதமாக எரியவில்லை என்று சிஸ்டரே சொன்னாள். ஆனால் அதன்மேல் இன்று காலையில்தான் புது வெள்ளைத் துணி விரித்து மடிப்பு நீவி வைத்திருக்கிறார்கள். மாவட்டத்துச் சுகாதார ஆபீசரம்மா வந்திருக்கிறார் அல்லவா.

ஆபீசர் பக்கத்து ஹாலில் மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறார். மலையில் இருக்கிற நர்ஸுகளையெல்லாம் வரவழைத்துக் கூட்டம். ஜன்னல் திறந்திருப்பதால் அவர் குரல் இவன் மடியிலேயே வந்து விழுகிறது. பிறக்கிற குழந்தைகளில் சாவது மாவட்டம் முழுக்க ஆயிரத்துக்குப் பதினொன்று, இந்த மலையில் மட்டும் முப்பத்துநாலு, ஏன், ஏன் என்று கேட்கிறேன், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நான், இந்த மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, நீங்களும் வீடு வீடாகப் போவதில்லை. யாரோ ஒரு நர்ஸ் இருமினாள். ஆயிரத்துக்கு என்றால் எப்படி எண்ணுவார்கள்? ஆயிரம் குழந்தைகளைக் களத்துமேட்டில் சாமை காயப்போடுகிற மாதிரி வரிசையாகப் பரப்பி, அதில் அசையாததை மட்டும் பொறுக்குவார்களா? அப்படிப் பொறுக்கினால் போன வருஷத்து ஐப்பசியில் பிறந்த இவனுடைய முதல் பிள்ளை அதில் இருக்காது. அது நாலு நாள் இருந்தது. முதல் நாள் அழுதது, இவன் காதால் கேட்டான். ஆனால் பத்து நாள் கழித்துக் கணக்கெடுக்க நோட்டோடு வந்தவர் இறந்தே பிறந்தது என்று எழுதிக்கொண்டு போனார். அழுததுங்க என்றான் இவன். அப்படி எழுதினா கீழே இருந்து பத்துக் கேள்வி வரும்பா, உனக்கும் அலைச்சல் எனக்கும் அலைச்சல் என்றார். நல்லவர்தான், பீடிகூடக் கொடுத்தார். இவனும் வாங்கிப் பற்றவைத்துக்கொண்டான். பிள்ளை அழுததை இல்லை என்று எழுதினவனிடம் பீடி வாங்கிக் குடித்தான், பொய் சொல்வானேன். அப்புறம் இந்த முப்பத்துநாலு யாருடைய பிள்ளைகள்? எழுதினதே முப்பத்துநாலு என்றால் எழுதாதது எத்தனை? இந்தக் கணக்கை அந்த வாத்தியார் போடட்டும்.

அசைகிறதா? அசைகிறது. சட்டைக்குள் குனிந்து பார்த்தால் நீலத் தொப்பி மட்டும் தெரிகிறது, யாரோ உள்ளங்கை அளவுக்குப் பின்னியது, அதுவே கண்வரைக்கும் இறங்கிக் கிடக்கிறது. வியர்க்கிறது. வியர்வை பட்டால் குளிருமோ? கேட்கலாம் என்றால் சிஸ்டர் வெளியே வரவில்லை. குளிர். அந்த வார்த்தை வந்தாலே மனசு அந்தக் குடிசைக்குப் போய்விடுகிறது, போகாதே என்றாலும் போகிறது. ஊருக்கு வெளியே, ஓடைப் பக்கமாக, பிள்ளை பெற்றவளுக்கென்று தனியாக ஒரு குடிசை. பதினோரு நாள் தாயும் பிள்ளையும் அங்கேதான். பெண்கள் போகலாம், போனால் குளித்துவிட்டுத்தான் ஊருக்குள் வரணும். ஆண் எவனும் போகக்கூடாது, பெற்ற அப்பனும் கூடாது. ஒரு கல் நட்டிருக்கும், அந்தக் கல்லோடு சரி. காசிராமனுக்கு ஒரே வேலைதான் கொடுத்தார்கள், விறகு. ஐப்பசி மழையில் காய்ந்த விறகுக்கு எங்கே போவது, இரண்டு மலை தாண்டிப் பாறைப் பொந்திலிருந்து பொறுக்கி, பிளாஸ்டிக் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து கல்லுக்கு இந்தப் பக்கம் வைப்பான். உள்ளே இருந்து மயிலா கத்துவாள். இது புகையுது, எரியல. மறுபடி ஓடுவான். மூன்றாம் நாள் சாயங்காலம், சில்லுனு இருக்குது, பால் இழுக்க மாட்டேங்குது என்றாள். மறுபடி விறகுக்கு ஓடினான். ஓடினான் ஓடினான், ஓடுவதுதானே அவனுக்குத் தெரியும். சூடு வேண்டும் என்றால் விறகு என்றுதான் அவன் புத்திக்குத் தெரிந்தது. அந்தக் கல்லுக்கும் கதவுக்கும் பத்தடி. அளந்து பார்த்திருக்கிறான், பிற்பாடு, பிள்ளையைப் புதைத்த பிறகு, காலால் அளந்தான், சரியாகப் பத்து. இன்று காலையில் சிஸ்டர் சட்டையைக் கழற்று என்று சொல்லி, இதை எடுத்து இவன் நெஞ்சில் ஒட்டவைத்து, ஒரு மணி நேரம் கழித்து அக்குளில் கண்ணாடிக் குச்சி வைத்துப் பார்த்துவிட்டு, பாரு ரெண்டு டிகிரி ஏறியிருக்குது, உன் உடம்பு என்ன அடுப்பா என்று சிரித்தாள். இவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது எங்கே போயிருந்தது இந்த உடம்பு? அங்கேதான் இருந்தது. பத்தடி தூரத்தில் மழையில் நனைந்துகொண்டு நின்றது.

யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம். ஊருக்கு வந்து சொல்ல வேண்டிய நர்ஸின் இடம் இரண்டு வருஷமாகக் காலி, வேலைக்கு வருகிறவர்கள் மலையைப் பார்த்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். சொல்லியிருந்தால் மட்டும் கல்லைத் தாண்டியிருப்பாயா என்று இன்னொரு குரல் கேட்கிறது, அதுவும் இவன் குரல்தான். தாண்டியிருப்பேன். தாண்டியிருக்க மாட்டாய். அப்பனும் சித்தப்பனும் நின்றுகொண்டிருந்தார்கள், தெய்வக் குத்தம் வந்துவிடும் என்று கையைப் பிடித்திருப்பார்கள், நீயும் பிடித்தால் நின்றிருப்பாய். சும்மா இரு. சரி, இருக்கிறேன், ஆனால் நின்றிருப்பாய்.

"மாப்ள."

மாமியார் பூச்சாயி. வராந்தாத் தூணுக்குக் கீழே, எண்ணி வைத்ததுபோல நாலு முழம் தள்ளிக் குந்தியிருக்கிறாள். காலையிலிருந்து கிட்டே வரவில்லை. பிள்ளையை விட்டு அல்ல, இவனை விட்டுத்தான் தள்ளியிருக்கிறாள். தீட்டோடு இருக்கிற பிள்ளையை மேலே போட்டுக்கொண்ட ஆணை என்னவென்று சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன அத்த."

"வெதுவெதுன்னு இருக்குதா?"

"இருக்குது."

"பதினொண்ணு கழியாம ஆம்பள தொட்டதில்ல மாப்ள. உங்க அப்பனுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கேப்பான்."

"கேட்டா, போன தடவ தொடாம வச்சிருந்தமே, அது எங்கன்னு திருப்பிக் கேளு."

பூச்சாயி மடியில் வெற்றிலையைத் தேடினாள். சொன்ன பிறகு இவனுக்கே சுருக்கென்றது. அவள் என்ன செய்வாள், அந்த நாலு ராத்திரியும் குடிசையில் மகளோடு கிடந்து நெருப்பை ஊதி ஊதிக் கண் வீங்கிப் போனவள் அவள்தான். வெற்றிலையை எடுத்தாள், மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். யாரிடமோ சொல்வதுபோல, "சாடை உன்னாட்டம்தான் இருக்குது. மூக்கு மட்டும் எம்மவளாட்டம்" என்றாள். நாலு முழத்திலிருந்து தொப்பிக்குள் இருக்கிற மூக்கை எப்படிப் பார்த்தாளோ.

ஜீப் டிரைவர் வந்து தண்ணீர்க் குழாயில் முகம் கழுவினார். ஜீப் அரச மரத்தடியில் நிழல் பார்த்து நிற்கிறது, வெள்ளை ஜீப், அரசாங்க எழுத்து, கண்ணாடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கீழே இறங்க ஒன்றே கால் மணி நேரம், அங்கிருந்து பெரியாஸ்பத்திரி அரை மணி நேரம். அங்கே பச்சைக் குழந்தைகளுக்கென்றே ஒரு வார்டு, மூச்சு விட மறந்தால் விடவைக்கிற மெஷினெல்லாம் இருக்கிறது, அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சிஸ்டர் சொன்னதிலிருந்து அந்த ஜீப் இவன் கண்ணை உறுத்துகிறது. டிரைவர் இவன் சட்டைப் புடைப்பைப் பார்த்தார்.

"என்னப்பா, எத்தன மாசம்?"

"எட்டு" என்றான் காசிராமன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நீலத் தொப்பி கண்ணில் பட்டுச் சிரிப்பு பாதியில் நின்றது. "அடப்பாவி. நெசமாவே உள்ள இருக்குதா?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "எலிக்குஞ்சாட்டம் இருக்குதேடா."

"கீழ கொண்டுபோகணும்ணே. வண்டி சும்மாதானே நிக்குது?"

"சும்மா நிக்குதுன்னு யார் சொன்னா? கூட்டத்துக்கு வந்திருக்குது. மேடம் சொல்லாம சாவியத் திருகினா என் வேலை போயிடும். ஆம்புலன்ஸ் வரும், உக்காரு." போகும்போது திரும்பி, "எம் பேத்தியும் ரெண்டு கிலோதான் பொறந்தா. இப்ப ரெண்டாவது படிக்கிறா" என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். இரண்டு கிலோவுக்கும் இதற்கும் நடுவில் அறுநூற்றைம்பது கிராம். அரைப் படி சாமையும் ஒரு கைப்பிடியும். அந்தக் கைப்பிடிக்காகத்தான் இவ்வளவும். மயிலா மாசமாக இருந்தபோது காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள், வேண்டாம் என்று இவன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எதைத் தின்பது, ஐந்தாம் மாதம்வரை கொட்டை பறித்தாள், கால் வீங்கியது, எல்லாருக்கும் வீங்கும் என்றார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை கிழிந்திருக்கிறது அடுத்த வாரம் வா என்றார்கள், அடுத்த வாரம் வருவதென்றால் ஏழு மைல், அசைகிறதா? அசைகிறது. இல்லை. அசைகிறது என்று நினைத்தது இவனுடைய மூச்சு. ஒன்று இரண்டு மூன்று நாலு. சுண்டினான். ஐந்து ஆறு. சுண்டினான். முதுகைத் தேய்த்தான். எட்டு ஒன்பது. "சிஸ்டர்!" பதினொன்று. சட்டைப் பொத்தான் தெறித்தது. "சிஸ்டர்!" தொப்பி நழுவி அந்தத் தலை தெரிந்தது, சாத்துக்குடிப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, உதட்டைச் சுற்றி நாவல்பழம் தின்றதுபோல ஒரு நீலம்.

அமலா சிஸ்டர் ஓடிவந்தாள். முகத்தைத் திருப்பினாள், தாடையை நிமிர்த்தினாள், விரலால் முதுகுத்தண்டில் கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுத்தாள். வந்தது. பூனைக்குட்டி தும்முவதுபோல வந்தது. அவள் தொப்பியைத் திரும்ப மாட்டிவிட்டாள்.

"இது நாலாவது தடவ சிஸ்டர்."

"தெரியுது."

"ஆம்புலன்ஸ்?"

அவள் தண்ணீர்த் தொட்டி மேட்டைப் பார்த்தாள். செல்போனுக்கு அங்கேதான் சிக்னல். "இப்பதான் ஏறிப் போய்ப் பேசிட்டு வந்தேன். வேற ஒரு கேஸ ஏத்திக்கிட்டுப் போயிருக்குது. திரும்பி மேல வர இன்னும் ஒன்றரை மணி நேரம்." சட்டையைத் தானே இழுத்து மூடிவிட்டாள். "மயிலாவுக்கு வலிப்பு நின்னுடுச்சு, ஊசி வேலை செய்யுது, அவ தாங்குவா. இதுதான். ஒன்றரை மணி நேரமெல்லாம்..." முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ஒன்றரை மணி நேரமெல்லாம். அதற்கு மேல் அவள் சொல்லாத வார்த்தை என்னவாக இருக்கும் என்று யோசிக்க இவனுக்கு நேரமில்லை. ஹாலில் கைதட்டல் கேட்டது. எதற்குக் கைதட்டுகிறார்கள்? யாருக்கோ சால்வை போட்டிருப்பார்கள். அடுத்த வருஷம் முப்பத்துநாலைப் பத்தாக்குவோம் என்று ஆபீசர் சொல்லியிருப்பார், அதற்குத் தட்டியிருப்பார்கள். எழுந்தான். எழுந்ததே தெரியவில்லை, கால் எழுந்துவிட்டது. ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, குலுங்காமல், தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவனைப்போல முற்றத்தைக் கடந்தான். "எங்க போற மாப்ள?" பூச்சாயி. நடந்துகொண்டே இருந்தான். ஜீப்பின் பின் கதவு திறந்துதான் இருந்தது. ஏறினான். சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது, அதன்மேலேயே உட்கார்ந்து சாய்ந்துகொண்டான். மெத்தென்றிருந்தது. இவன் உட்கார்ந்த எந்த இடமும் இவ்வளவு மெத்தென்று இருந்ததில்லை.

"டேய் டேய் டேய்" என்று டிரைவர் ஓடிவந்தார். "மேடம் சீட்டுடா அது!"

"பெரியாஸ்பத்திரிக்குப் போங்கண்ணே."

"எழுந்திரு. என் பொழப்பக் கெடுக்காத."

"அடிச்சு இறக்கறதுன்னா இறக்குங்க. மூச்சு நின்னா சுண்டணும், எனக்குக் கை சும்மா இல்ல, தடுக்க முடியாது. இறக்கிக்கங்க."

டிரைவர் அடிக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். சத்தம் கேட்டுக் கூட்டம் வராந்தாவுக்கு வந்துவிட்டது, நீலப் புடவை நர்ஸுகள் முப்பது பேர், நடுவில் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் ஆபீசர். கழுத்தில் அடையாள அட்டை. அமலா சிஸ்டரும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேடம், ஒன்று முந்நூற்றைம்பது மேடம், நாலு தடவை மூச்சு நின்றுவிட்டது, ஆம்புலன்ஸ் ஒன்றரை மணி நேரம் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, சொன்னது தான் இல்லை என்பதுபோலத் தரையைப் பார்த்தாள். முப்பது பேரும் ஆபீசரைப் பார்த்தார்கள். ஆபீசர் ஜீப்பைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. முகம் கொஞ்சம் மாறியது, இவனுக்கே தெரிந்தது.

"சரி. வண்டி போயிட்டு வரட்டும்."

இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா? காலையிலேயே ஏறி உட்கார்ந்திருக்கலாமே, நாலு தடவை மூச்சு நின்றதே, போன வருஷமும் எங்கேயாவது ஒரு ஜீப் மரத்தடியில் நின்றிருக்குமே. டிரைவர் சாவியைத் திருகிவிட்டார், ஜீப் உடம்பு முழுக்க நடுங்கியது, அந்த நடுக்கத்தில் பிள்ளையின் மூச்சு தெரியவில்லை, எது வண்டி எது பிள்ளை என்று பிரித்துப் பார்க்க இவன் கண்ணை மூடினான்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஆபீசர், கதவருகே வந்து. "இது என்ன, சட்டைக்குள்ள மூட்ட மாதிரி? ஆம்பளைக்கு என்னப்பா தெரியும் பச்சக் குழந்தையப் புடிக்க? அந்த அம்மாகிட்ட குடு. துண்டுல சுத்தி மடியில வச்சு எடுத்துட்டுப் போகட்டும். நீ இறங்கி உன் மனைவிகூட இரு. அவளுக்கும் ஆள் வேணுமில்ல?"

வேணும்தான். மயிலா கண்ணைத் திறந்தால் யாரைத் தேடுவாள்? ஆபீசர் சொன்னதில் அந்தப் பாதி நியாயம், அதனால்தான் நெஞ்சைப் பிடித்து இழுத்தது. காசிராமன் அமலா சிஸ்டரைப் பார்த்தான். காலையில் சூடு ஏறினதைக் காட்டிச் சிரித்தவள் இவள்தான், எழுந்திருக்காதே எடுக்காதே என்றவளும் இவள்தான், இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாய் திறந்தது. முப்பது பேருக்கு நடுவில், ஆபீசரின் முதுகுக்குப் பின்னால், திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. பூச்சாயி எழுந்து வந்துவிட்டாள். நாலு முழத்தையும் கடந்து ஜீப்பின் படிவரைக்கும் வந்து, துண்டை விரித்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். "குடு மாப்ள. நான் பாத்துக்கறேன். அவங்களே சொல்றாங்கல்ல, குடு." டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "குடுத்துட்டு இறங்குடா, நேரமாவுது" என்றார். அடிவாரம் வரைக்கும் மலைக்காற்று ஜீப்பின் இரண்டு பக்கமும் புகுந்து அடிக்கும். துண்டு எவ்வளவு தடுக்கும்? குடு என்றார் ஆபீசர் இன்னொரு தடவை, சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல, கையையும் நீட்டி.

"அத்த, நீ போய் மயிலாகிட்ட இரு" என்றான் காசிராமன்.

கொடுக்கவில்லை.